யாருக்குச் சொன்ன பதில் இது?

சபை வாலிபர் ஐக்கியங்களில் புத்தக வாசிப்புக் கூட்டம் நடத்தும் தம்பி தங்கையருக்கு,



ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கலைந்து போகாமல், பாரிஷ் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசும் பழக்கம் சில சபைகளில் துளிர்த்திருக்கிறது. பாட்டுப் போட்டியும் வேதாகம வினாடி வினாவுமே வாலிபர் ஐக்கியம் என்று வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான். முதலில் என் வாழ்த்தை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்ததாகக் குறை சொல்லப் போகிறேன். மூத்தவர்கள் அதைச் செய்யாமல் விட்டால்தான் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நீங்கள் எடுக்கும் புத்தகங்களில் எனக்குப் பெரிய குறை இல்லை. சி.எஸ். லூயிஸ், லீ ஸ்ட்ரோபெல், டிமோத்தி கெல்லர் என்று கன்வென்ஷன் பந்தலுக்கு வெளியே போடும் புத்தக மேசையில் கிடைப்பவைதான். நீங்கள் வாசிக்கும் விதத்தில்தான் என் வருத்தம். கையில் பென்சிலோடு உட்கார்ந்து, ‘நாத்திகன் கேட்டால் இதைச் சொல்லலாம்’ என்று அடிக்கோடு போடுகிறீர்கள். விடுதி அறையில் ஒருவன் ‘கடவுள் எங்கேடா இருக்கிறார்?’ என்று மடக்கியிருப்பான். பதில் சொல்ல முடியாமல் முகம் சிவந்து திரும்பி வந்திருப்பீர்கள். அதனால் புத்தகத்தில் பதிலைத் தேடுகிறீர்கள், புத்தகமும் தருகிறது. அந்தப் பதில் முதலில் யாருடைய கேள்விக்காக எழுதப்பட்டது என்று மட்டும் எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

லூயிஸிலிருந்தே தொடங்குவோம். உங்கள் எல்லாப் பட்டியலிலும் அவருடைய ‘மியர் கிறிஸ்டியானிட்டி’ இருக்கிறது. அதைப் புத்தகமாக எழுத வேண்டும் என்று அவர் உட்காரவில்லை. அது வானொலிப் பேச்சு. 1941-இன் தொடக்கத்தில், ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மீது குண்டு பொழிந்துகொண்டிருந்த காலத்தில், பிபிசியின் மத ஒலிபரப்புத் துறையை நடத்திய ஜேம்ஸ் வெல்ச் என்பவர், வலியைப் பற்றி லூயிஸ் எழுதியிருந்த சிறு நூலைப் படித்துவிட்டு, முன்பின் பழக்கமில்லாத அவருக்குக் கடிதம் எழுதினார். ஆகஸ்டில் பேச்சு தொடங்கியது. தொடக்கத்தில் ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். 1942 முதல் 1944 வரை மூன்று சிறு நூல்களாக வந்த அந்தப் பேச்சுகளைச் சேர்த்து, 1952-இல் இன்று நம் கையில் இருக்கும் வடிவத்தைக் கொடுத்தார்கள்.

கேட்டவர்கள் யார்? ஞானஸ்நானம் பெற்று, பள்ளிக்கூடத்தில் ஜெபம் சொல்லி வளர்ந்து, பெரியவர்களானதும் கோயில் பக்கம் போவதை விட்டுவிட்ட ஆங்கிலேயர்கள். வீட்டில் பிள்ளை படைக்குப் போயிருக்கும், தெருமுனையில் இடிபாடு கிடக்கும். இயேசுவைப் பற்றி அவர்களுக்குத் தெரியும், மரியாதையும் உண்டு. ‘நல்ல போதகர், அவ்வளவுதான், கடவுள் என்றெல்லாம் சொல்ல வேண்டாம்’ என்பது அவர்கள் நிலை. அந்த நிலையைத்தான் லூயிஸ் பிடித்து உலுக்குகிறார். பாவங்களை மன்னிக்கத் தனக்கு அதிகாரம் உண்டென்று ஒரு மனிதர் சொன்னால், அவர் பொய்யராக இருக்க வேண்டும், அல்லது புத்தி பேதலித்தவராக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அவர் சொன்னது உண்மை. நல்ல போதகர் என்று மட்டும் சொல்லி நழுவ வழியில்லை. இதுதான் வாதத்தின் சாரம். உங்களில் பாதிப் பேர் இதை மனப்பாடமாக வைத்திருக்கிறீர்கள்.

இதை, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகும் உங்கள் நண்பனிடம் சொல்லிப் பாருங்கள். ‘சரிடா, அவரும் சாமிதான். நான் இல்லைன்னு சொன்னேனா? எங்க அம்மா வருஷா வருஷம் வேளாங்கண்ணி போறாங்களே’ என்பான். லூயிஸ் அவ்வளவு பாடுபட்டு நிறுவியதை அவன் ஒரு வரியில் கொடுத்துவிட்டான். அவனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது ‘இயேசு கடவுளா?’ என்ற கேள்வியே கிடையாது. ‘அவர் மட்டும்தானா?’ என்பதுதான் அவன் கேள்வி. அதை லூயிஸ் தொட்டும் தொடாமலும் போய்விடுகிறார், ஏனென்றால் அவர் வானொலிப் பெட்டிக்கு எதிரே அப்படிக் கேட்பவன் உட்கார்ந்திருக்கவில்லை. அது அவர் குற்றம் ஆகாது.

அப்படிக் கேட்பவர்களின் நடுவில் வாழ்ந்து எழுதியவர்கள் நம்மிடம் இருந்தார்கள். வெங்கல் சக்கரை சென்னைக்காரர். தொழிற்சங்கத் தலைவர், மாநகர மேயராகவும் இருந்தார். 1926-இல் ‘ஜீசஸ் தி அவதார்’ என்று ஒரு நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அவதாரம் என்ற சொல்லை அந்நிய மதத்துச் சொல் என்று தள்ளாமல், இயேசுவைச் சொல்ல அது எவ்வளவு தூரம் வரும், எங்கே நின்றுவிடும் என்று அளந்து பார்த்தார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமியின் ‘கிறிஸ்டியானிட்டி அஸ் பக்தி மார்க்கா’ வந்தது. யோவான் சுவிசேஷத்தைப் பக்தி மரபின் பக்கத்தில் வைத்துப் படித்த நூல். பிற்பாடு அவர் கோயம்புத்தூர் பேராயர் ஆனார். இவர்களோடு எல்லா இடத்திலும் ஒத்துப்போக வேண்டியதில்லை. நானும் சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஆனால் உங்கள் நண்பனின் கேள்வி இவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. கிறிஸ்தவ விசுவாசம் பற்றி உலகில் மிக அதிகமாகப் பரவிய நூல்களில் ஒன்று ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’. 1678-இல் வந்தது. பாத்திரம் சரிசெய்யும் தொழில் செய்தவர், அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காகச் சிறையில் கிடந்தவர் எழுதிய எளிய உரைநடைக் கதை. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறிய கிருஷ்ண பிள்ளை அந்தக் கதையை எடுத்து, 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிக’மாக, தமிழ்க் காப்பியமாகவே ஆக்கிவிட்டார். அவருக்கும் புத்தக மேசையில் ஒரு வெளிநாட்டுப் பிரபல நூல்தான் கிடைத்தது. அதை என்ன செய்தார் பாருங்கள்.

இனி அந்த விடுதி அறை நாத்திகன். அவன் எங்கிருந்து பேசுகிறான் என்று தெரியுமா? நாத்திக எழுத்தாளர் டாகின்ஸைப் படித்துவிட்டுப் பேசுகிறான் என்று நினைத்து, டாகின்ஸுக்கு எதிரான புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பெரும்பாலும் அவன் பேசுவது பெரியார் மண்ணின் பேச்சு. பகத் சிங் லாகூர் சிறையில் 1930-இல் எழுதிய நாத்திகக் கட்டுரையை ஜீவானந்தம் சில ஆண்டுகளுக்குள் தமிழில் கொண்டுவந்தார். பெரியாரின் குடி அரசு வட்டாரம் அதை வெளியிட்டது. அதற்காக அவர் கைதும் ஆனார். அந்த மரபில் வந்தவன் உங்களிடம் பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று கேட்கும்போதே, அடுத்த கேள்வியை மடியில் வைத்திருப்பான்: ‘உங்க சபையில சாதி பாக்குறாங்களா, இல்லையா? கல்லறைத் தோட்டத்துல ஏன் தனித் தனி இடம்?’ இதற்கு லூயிஸிடமும் பதில் இல்லை, கெல்லரிடமும் இல்லை. உங்கள் சபைக் கமிட்டியிடம்தான் இருக்க வேண்டும். இருக்கிறதா?

இனி, உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் சந்தேகிக்கும் ஒரு கதை.

ஆக்ஸ்ஃபோர்டில் சாக்ரட்டிக் கிளப் என்று ஒன்று இருந்தது. விசுவாசிகளும் அவிசுவாசிகளும் எதிரெதிரே உட்கார்ந்து வாதிடும் இடம். லூயிஸ்தான் தலைவர். 1947-இல் ‘மிராக்கிள்ஸ்’ என்ற நூலை அவர் வெளியிட்டிருந்தார். அதன் மூன்றாம் அத்தியாயத்தில், இயற்கையைத் தவிர வேறெதுவும் இல்லை என்ற கொள்கை தன்னைத் தானே கவிழ்த்துக்கொள்கிறது என்று வாதிட்டார். சிந்தனை எல்லாம் மூளையில் நடக்கும் அணுக்களின் அசைவு என்றால், அந்தக் கொள்கையையும் நம்புவதற்குக் காரணம் இல்லாமல் போய்விடும் என்பது அவர் வாதம். 1948 பிப்ரவரி 2 அன்று மாலை, அந்த அத்தியாயத்தை எடுத்துப் பிரித்துக் காட்ட ஒருவர் எழுந்தார். எலிசபெத் ஆன்ஸ்கம். வயது இருபத்தெட்டு. தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைனின் மாணவி.

அவர் நாத்திகர் என்றால் கதை உங்களுக்குப் பழகியதாக இருக்கும். அவர் கத்தோலிக்கர். தானே தேடிப்போய்த் திருச்சபையில் சேர்ந்தவர், கடைசிவரை அதில் உறுதியாக நின்றவர். லூயிஸ் நம்பிய கடவுளையே நம்பியவர். ஆனாலும் வாதத்தில் ஓட்டை இருந்தால் ஓட்டைதான் என்று சொன்னார். அறிவுக்கு முரணான காரணம் வேறு, அறிவோடு சம்பந்தமில்லாத காரணம் வேறு; லூயிஸ் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார் என்பது அவருடைய முக்கியமான குற்றச்சாட்டு. போதையில் ஒருவன் உளறுவதை நாம் நம்புவதில்லை, சரி. அதற்காக மூளையில் இயற்பியல் விதிப்படி நடப்பது எல்லாமே உளறல் என்று ஆகிவிடுமா? விளக்கம் என்ற சொல்லையே லூயிஸ் பல பொருளில் புரட்டிப் பயன்படுத்துகிறார் என்றும் காட்டினார்.

லூயிஸ் அன்று நொறுங்கிப்போனார், அதனால்தான் வாதம் எழுதுவதை விட்டுக் குழந்தைக் கதை எழுதப் போனார் என்று ஒரு கதை உலவுகிறது. அதை நான் அவ்வளவாக நம்பவில்லை. நமக்கு வேண்டியது அவர் பிறகு செய்த காரியம். 1960-இல் புதிய பதிப்பு வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார், தலைப்பையும் மாற்றினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆன்ஸ்கம் தன் கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில் அதைக் குறிப்பிட்டு, அந்தத் திருத்தம் அவருடைய நேர்மையைக் காட்டுகிறது என்று மனம் திறந்து பாராட்டினார். இன்று நீங்கள் கடையில் வாங்கும் ‘மிராக்கிள்ஸ்’ அப்படித் திருத்தப்பட்டதுதான்.

உங்கள் வட்டத்தில் இது நடக்குமா? லூயிஸின் வாதம் இந்த இடத்தில் நிற்கவில்லை என்று ஒரு தங்கை சொன்னால், அடுத்த நிமிடம் அவளுக்காக ஜெபிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். ‘சிஸ்டருக்கு சந்தேகம் வந்திருக்கு’ என்று போதகர் காதுவரை செய்தி போகிறது. வாதம் ஒன்று விழுந்தால் விசுவாசமே விழுந்துவிட்டதாகப் பயப்படுகிறோம். அப்படிப் பயந்தவர்கள் கூடிப் படித்தால் அதில் படிப்பு நடக்காது, தலையாட்டல்தான் நடக்கும்.

வெல்ச் படித்த, வலியைப் பற்றிய அந்தச் சிறு நூலுக்கு வருகிறேன். ‘தி பிராப்ளம் ஆஃப் பெயின்’, 1940-இல் வந்தது. நல்லவரும் வல்லவருமான கடவுள் இருக்கையில் துன்பம் ஏன் என்பதற்குத் தெளிவாக, அடுக்கடுக்காக விளக்கம் சொல்கிறது. ஒன்பது வயதில் தாயைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர், முதல் உலகப் போரில் பிரான்ஸில் காயம்பட்டவர் எழுதியது. வலி தெரியாதவர் எழுதினார் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பின்னாளில் அவர் ஜாய் டேவிட்மன் என்ற அமெரிக்கக் கவிஞரை மணந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்து, கம்யூனிஸ்ட்டாக இருந்து, கிறிஸ்தவரானவர். அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பின், 1957-இல் மருத்துவமனைப் படுக்கையருகே குருவானவர் ஒருவர் திருமணத்தை ஆசீர்வதித்தார். 1960 ஜூலையில் ஜாய் இறந்தார். அந்த நாட்களில் லூயிஸ் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்ததுதான் ‘எ கிரீஃப் அப்சர்வ்ட்’. 1961-இல் என்.டபிள்யூ. கிளர்க் என்ற புனைபெயரில் வெளியிட்டார். லூயிஸின் இறப்புக்குப் பிறகுதான் அது அவர் பெயரிலேயே வந்தது.

அந்த இரண்டாம் நூலில் விளக்கம் ஒன்றும் இல்லை. கோபம் இருக்கிறது. கதவைத் தட்டியும் திறக்காத கடவுளைப் பற்றிய புகார் இருக்கிறது. கடவுள் கொடியவராக இருந்தால் என்ன செய்வது என்ற பயங்கரமான கேள்விகூட வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அது இறங்குகிறது. எங்கே இறங்குகிறது என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் லூயிஸின் புத்தகங்களில் எல்லாம் மெய்யானது இதுதான். நம் துக்க வீடுகளில் பிணத்தை எடுப்பதற்குள் ‘கர்த்தருடைய சித்தம்’ என்று சொல்லி, தாயின் வாயை அடைத்துவிடுகிறோம். சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தத் தாய்க்குக் கத்திக் கேட்க உரிமை உண்டு. சங்கீதப் புத்தகம் முழுக்க அப்படிக் கத்தியவர்கள் இருக்கிறார்கள். வலியைப் பற்றிய முதல் நூலை மட்டும் படித்த வாலிபர் துக்க வீட்டுக்குப் போனால் பிரசங்கம் செய்துவிட்டு வருவார். இரண்டையும் படித்தவர், அநேகமாக, பேசாமல் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வருவார்.

லீ ஸ்ட்ரோபெலின் ‘தி கேஸ் ஃபார் கிரைஸ்ட்’ வேறு வகை. 1998-இல் வந்தது. சிகாகோ டிரிபியூன் பத்திரிகையின் சட்டப் பகுதி ஆசிரியராக இருந்து, நாத்திகத்திலிருந்து திரும்பியவர், அறிஞர்களைத் தேடிப்போய்க் குறுக்கு விசாரணை செய்வதாக அமைத்திருக்கிறார். சுவாரஸ்யமான நடை, ஒரே மூச்சில் படித்துவிடலாம். பதிமூன்று அறிஞர்கள் சாட்சி சொல்கிறார்கள். எதிர்த்தரப்புச் சாட்சி ஒருவர்கூட இல்லை. எதிர்த்தரப்பு சொல்வதையும் ஸ்ட்ரோபெலே சொல்லி, தன் சாட்சியிடம் கேட்டு, சமாதானம் அடைந்துவிடுகிறார். எந்த நீதிமன்றத்தில் இப்படி நடக்கும்?

அந்தச் சாட்சிகளில் ஒருவர் புரூஸ் மெட்ஸ்கர். பிரின்ஸ்டனில் புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்தவர், அந்தத் துறையில் உலகமே மதித்த பெயர். நமக்கு வந்து சேர்ந்திருக்கும் உரை நம்பத்தக்கது என்று அவர் சொல்கிறார். அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்தவர்தான் பார்ட் எர்மன். அதே பிரதிகளை வைத்துக்கொண்டு, எழுத்தர்கள் எங்கெங்கே மாற்றினார்கள் என்று 2005-இல் ‘மிஸ்கோட்டிங் ஜீசஸ்’ எழுதினார். அந்த நூலைத் தன் குரு மெட்ஸ்கருக்கே சமர்ப்பணமும் செய்தார். எர்மன் இன்று விசுவாசி இல்லை. ஆனால் விசுவாசத்தை விட்டதற்குக் காரணம் பிரதிகளில் உள்ள வேறுபாடுகள் என்று அவர் சொல்லவில்லை. உலகத்தின் துன்பத்துக்குப் பதில் கிடைக்காததுதான் காரணம் என்கிறார், அதற்கென்றே 2008-இல் தனியாக ஒரு புத்தகமும் எழுதினார். ஒரே மேசையில் ஒரே ஏட்டைப் படித்த குரு விசுவாசத்தில் நின்றார், சீடர் வெளியே போனார். இதைப் பேசினால் ஒரு மாதக் கூட்டம் போதாது. ஸ்ட்ரோபெலை மட்டும் படித்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பரலோகம் போய்த் திரும்பிய கதைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2010-இல் அமெரிக்காவில் அப்படி ஒரு நூல் பெரிதாக விற்றது. சாலை விபத்தில் சிக்கி முடமான சிறுவன் பரலோகத்தைப் பார்த்துவந்த கதை, தகப்பனின் பெயரும் மகனின் பெயரும் அட்டையில். 2015-இல் அந்த மகனே, தான் சாகவும் இல்லை, பரலோகம் போகவும் இல்லை, கவனம் கிடைக்கும் என்று சொன்னது என்று பகிரங்கமாக எழுதினான். பதிப்பகம் நூலைத் திரும்பப் பெற்றது. சிறு பிள்ளை சொன்னதை விடுங்கள். விசாரிக்காமல் அச்சிட்ட பெரியவர்களையும், விசாரிக்காமல் வாங்கி மேசையில் அடுக்கிய நம்மையும் என்ன சொல்வது?

ரவி சக்கரியாஸ் விஷயம் கசப்பானது, ஆனால் அவர் புத்தகங்கள் நம் வீடுகளில் இருப்பதால் சொல்லத்தான் வேண்டும். சென்னையில் பிறந்தவர், விசுவாசத்துக்காக வாதாடுவதில் உலகப் புகழ் பெற்றவர், நம் ஊர்ப் பிள்ளை என்று நாம் பெருமைப்பட்டவர். 2020-இல் இறந்தார். 2021 பிப்ரவரியில், அவருடைய சொந்த ஊழிய நிறுவனமே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை, அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதை உறுதி செய்தது. பதிப்பகம் அவர் நூல்களை விற்பதை நிறுத்தியது. ஆள் தவறினால் வாதமும் தவறா என்று நீங்கள் கேட்கலாம். தர்க்கப்படி இல்லைதான். இருந்தாலும் உங்கள் வட்டத்தில் அவரை எடுக்காதீர்கள் என்பது என் முடிவு. அவர் சொன்ன வாதங்கள் வேறு பலரிடமும் கிடைக்கின்றன. அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளில் யாருக்கு என்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

இதெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் எதைத்தான் படிப்பது என்று எனக்கு எழுதுவீர்கள். நீண்ட பட்டியல் என்னிடம் இல்லை. அடுத்த இரண்டு மாதத்துக்கு லூயிஸின் அந்த இரண்டு வலி நூல்களையும் அடுத்தடுத்து எடுங்கள், முதல் மாதம் 1940-இன் நூல், மறு மாதம் 1961-இன் நூல். ஆங்கிலம் கடினமாக இருப்பவர்களுக்கு மற்றவர்கள் அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்லட்டும். அதன்பின் அப்பாசாமியையோ சக்கரையையோ தேடுங்கள். கடையில் கிடைக்காவிட்டால் பழைய இறையியல் கல்லூரி நூலகங்களில் கேளுங்கள். அந்த விடுதி அறை நண்பனையும் பழனிக்கு நடக்கும் நண்பனையும் ஒரு கூட்டத்துக்காவது கூப்பிடுங்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பதில் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், போதகர் வந்திருந்தால் அவருக்கும் சேர்த்து. அன்றைக்கு அவர்களை வைத்து மனந்திரும்புதல் ஜெபம் நடத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகோதரன்